டெலிபோன் டாக்டர்: தமிழில் கேட்க ஆள் உண்டா?

தாராவியில் எங்கள் சந்தில் ஓர் ஆச்சி இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். மும்பைக்கு வந்து நாற்பது ஆண்டாகியும் ஹிந்தியில் அவருக்குத் தெரிந்தது காய்கறி பேரம் மட்டுமே. சென்ற மாதம் மகன் செல்போனில் ஒரு டாக்டரைப் பிடித்துக் கொடுத்தான். பாதத்தில் இரவெல்லாம் எரிச்சல், ஊசி குத்துவது போல மதமதப்பு. இதுதான் ஆச்சியின் குறை. "என்ன உபாதை?" என்று டாக்டர் ஹிந்தியில் கேட்க, இவர் சொன்னதோ "தர்த்" என்ற ஒற்றைச் சொல். டாக்டரும் வலி மாத்திரை எழுதிவிட்டார்.

மறுநாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து விவரத்தை எடுத்துச் சொன்ன பிறகுதான், "சர்க்கரை வியாதி உண்டா?" என்ற கேள்வி வந்தது. உண்டு, பன்னிரண்டு ஆண்டாக உண்டு!

டாக்டர் மீது தவறில்லை. எரிச்சல், குடைச்சல், கடுப்பு, குத்தல் என்று நாம் பிரித்துச் சொல்வதெல்லாம் அவர் காதில் ஒரே வலியாகத்தான் விழுகிறது. நேரில் போனாலாவது காலைத் தொட்டுப் பார்ப்பார். டெலிபோனில் பேச்சுதானே எல்லாம்?

சட்டம் குறுக்கே நிற்கிறதா என்றால், இல்லை. 2020 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ விதிகளின்படி, பதிவு பெற்ற டாக்டர் இந்தியாவின் எந்த மூலையில் உள்ள நோயாளிக்கும் ஆலோசனை சொல்லலாம். மதுரை டாக்டர் மாதுங்காத் தமிழருக்கு மருந்து எழுதுவதும் செல்லும். கையெழுத்திட்ட சீட்டைப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஆனால் முதன்முறை பேசும் நோயாளிக்கு, முகம் பார்த்துப் பேசும் வீடியோ வசதி இருந்தால்தான் பல மருந்துகளை எழுத முடியும். பட்டன் போன் வைத்திருப்பவர் என்ன செய்வார்?

வீட்டுக்கு ஒரு நல்ல போன், அதுவும் மகனிடம். ரகசிய எண் அவன் போனுக்கு வரும். அவனோ செகண்ட் ஷிப்டில் இருப்பான். போன் கையில் இருந்தாலும், பத்துக்குப் பத்து அறையில் மாமனார், மைத்துனர் முன்னிலையில் ஒரு பெண் தன் உடம்புக் குறையை எப்படிச் சொல்வாள்?

மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை 2023 பிப்ரவரியில் 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. பெரிய எண்ணிக்கைதான். ஆனால் கவனியுங்கள்: அதில் மிகப் பெரும்பகுதி, மக்கள் வீட்டிலிருந்து தாமே பேசியது அல்ல. சுகாதார நிலையத்துக்குப் போய், அங்குள்ள ஊழியர் உடனிருந்து டாக்டரிடம் பேச வைத்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களிலும் இதே முறைதான். அம்பாசமுத்திரம் போன்ற ஊர்களில், பயிற்சி பெற்ற பெண் கண்ணைச் சோதித்துப் படம் எடுத்து அனுப்ப, பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துச் சொல்கிறார்.

ஆக, வேலை செய்வது கம்பி மட்டுமல்ல. நடுவில் உட்காரும் ஆள். நம்மைப் போல் வெளி மாநிலத்தில் பிழைப்பவருக்கு அந்த ஆள் நம் மொழி அறிந்தவராகவும் இருக்க வேண்டும். நடவாத காரியமா? மனநல உதவிக்காக 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற எண்ணில் தமிழ் உள்பட 20 மொழிகள் உண்டே! மனதுக்குக் கிடைப்பது காலுக்குக் கிடைக்கக் கூடாதா? தமிழர் நெருங்கி வாழும் தாராவி, சயான் கோலிவாடா போன்ற இடங்களின் சுகாதார நிலையங்களில் தமிழ் தெரிந்த ஓர் ஊழியரை அமர்த்தினால் போதும். பிளஸ் டூ படித்து வேலை தேடும் நம் பெண்கள் எத்தனை பேர்! சங்கங்கள் மாநகராட்சியிடம் இதைக் கேட்கலாம். பொங்கல் விழா மேடைக்குப் பந்தல் போடும் சுறுசுறுப்பில் கால்வாசி இதற்குப் போதும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் போனைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஆச்சியைப் பதினைந்து நாள் கழித்து மறுபடி பேசச் சொல்லியிருந்தார் டாக்டர். அன்று எனக்குப் பகல் டியூட்டி. "நீ இருக்கும்போது பேசிக்கிடுதேன் தம்பி" என்று சொல்லிவிட்டார். என் ரெஸ்ட் நாள் வந்தபோது மாத்திரை தீர்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது.