திரையும் பெட்டியும்

யாம் விமர்சகர் அல்லோம். ரயில்வே அலுவல் முடிந்து இரவில் பார்க்கும் சாமானியர். 1968-இல் கே. பாலசந்தர் அளித்த ‘எதிர்நீச்சல்’, மாடிப்படியின் கீழ் வாழ்ந்த ஏழை மாணவன் மாதுவின் கதையை ஒரே அமர்வில் முடித்தது. திருமுருகனின் ‘மெட்டி ஒலி’ தொடரோ, ஐந்து பெண்களைப் பெற்ற தந்தையின் கதையை 2002 முதல் 2005 வரை சொல்லிற்று. நீளம் குற்றமன்று, அவ்வீட்டார் பேசியது நம் வீட்டுப் பேச்சு. பிறமொழித் தொடருக்குத் தமிழ்க்குரல் பூட்டும்போது அதுவே மறைகிறது. வாயசைவுக்கு அளந்த சொற்களே எஞ்சுகின்றன. வேற்றுமொழிப் பள்ளியில் பயிலும் நம் குழந்தைகட்குச் செவிவழித் தமிழே முதல் தமிழ். ஆதலின், அன்பர்களே, தேர்ந்து பாருங்கள்; பார்த்தபின் பெட்டியை நிறுத்தி, குழந்தையைக் கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.