பல்லால் கடித்த வயர்

எங்கள் ஊர் ஆரணியில் பட்டு நெசவு என்றால் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். கலை, பாரம்பரியம், புவிசார் குறியீடு என்று பேச்சு நீளும். அதே தெருவில் கம்பத்தில் ஏறி வயர் இணைப்பவன் மட்டும் ‘லைன்காரப் பையன்’. அவன் வேலையில் என்ன இருக்கு, ரெண்டு கம்பிய முறுக்கி டேப் சுத்தறதுதானே என்கிறார்கள். என் கோபம் இந்தப் பேச்சின் மேல்தான்.

நான் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. முப்பது வருடம் தொலைபேசிக் கம்பி இணைத்துச் சோறு தின்றவன். பாவு தீர்ந்தால் அப்பா பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகப் பிணைப்பார். நான் கேபிளைப் பிரித்து வெள்ளை-நீலம், வெள்ளை-ஆரஞ்சு என்று நிறம் பார்த்து ஜோடி சேர்ப்பேன். அங்கே இழை மாறினால் சேலையில் தெரியும். இங்கே ஜோடி மாறினால் பக்கத்து வீட்டுச் சண்டை உங்கள் போனில் கேட்கும்.

போன மழைக்காலத்தில், தறி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு இணைய இணைப்பு போய்ப் போய் வந்தது. காப்பர் லைன். சேலை டிசைனும் ஆர்டரும் அவருக்கு அதில்தான் வருகின்றன. ஒப்பந்தக்காரர் அனுப்பிய பையன் மூன்று தடவை வந்துபோனான். “வேலை தெரியாதவன அனுப்பறானுங்கண்ணே” என்று அவர் கத்தினார். நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

குரோன் மாட்யூலில் வயரை ஸ்க்ரூடிரைவரால் குத்தி இறக்கியிருந்தான். அதற்கென்று ஒரு கருவி உண்டு. வயரை வைத்து அழுத்தினால் ‘டக்’கென்று சத்தம் வரும். உள்ளே இருக்கும் இரண்டு தகடுகள் மேலுறையைக் கிழித்துச் செம்பைக் காற்றுப் புகாமல் கவ்விக்கொள்ளும். மிச்ச நுனியையும் அந்தக் கருவியே வெட்டிவிடும். ஸ்க்ரூடிரைவர் அந்தத் தகடுகளை அகட்டிவிடுகிறது. பிறகு எந்த வயரை வைத்தாலும் பிடி இருக்காது. இன்னொரு இடத்தில் வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தான். ஈரம் இறங்கிச் செம்பு பச்சை பூத்திருந்தது. பேசுவதற்கு அது ஒப்பேறும். இணையம் தாங்காது.

பையனின் பையைப் பார்த்தேன். ஒரு பிளேடு, ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு டேப். அவ்வளவுதான். மேலுறையைப் பல்லால் உரிக்கிறான். அரை மில்லிமீட்டர் செம்பில் பல்லோ பிளேடோ பட்டுக் கீறல் விழுந்தால், நாலு தடவை வளைத்ததும் அந்த இடத்தில் முறியும். அதைவிட, லேண்ட்லைனில் சும்மா இருக்கும்போது ஓடுவது 48 வோல்ட். மணி அடிக்கும்போது சுமார் 75 வோல்ட் மாறுமின்சாரம் வரும். வயர் பல்லில் இருக்கிற நேரத்தில் யாராவது போன் போட்டால்? எனக்கு ஒருமுறை நடந்திருக்கிறது. கம்பத்தின் மேல் இருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன்: “அச்சு இல்லாத தறியில ஒருத்தனை உக்காரவெச்சு, ஏன்டா சேலை வரலன்னு திட்டுவியா?” அவர் பதில் பேசவில்லை.

‘இப்பத்தான் எல்லாம் ஃபைபர் ஆயிடுச்சே, இந்தக் கதையெல்லாம் எதுக்கு’ என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபைபரின் கண்ணாடி இழை 125 மைக்ரான் தடிமன். மேல்பூச்சை உரிக்கத் தனி ஸ்ட்ரிப்பர் வேண்டும். ஆல்கஹாலால் துடைத்து, நுனியைச் செங்குத்தாக வெட்டி, உருக்கி ஒட்ட வேண்டும். தூசி ஒட்டினாலும் ஒளி வீணாகும். வெட்டிய துணுக்கு விரலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. காப்பரிலாவது பல்லை வைத்து ஒப்பேற்றலாம். இதில் அதுவும் முடியாது. கருவியின் தேவை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

செலவாகும் என்பார்கள் ஒப்பந்தக்காரர்கள். செம்புக் கம்பி வேலைக்கு வேண்டிய கருவிகள் ஒரு நல்ல பட்டுச்சேலை விலைக்குள் அடங்கும். அதை மிச்சம் பிடித்து ஒரே வீட்டுக்கு மூன்று தடவை ஆள் அனுப்புவது என்ன கணக்கு? பெட்ரோல் பையனுடையது, திட்டும் பையனுக்கு. அதனால்தான் அந்தக் கணக்கு அவர்களுக்குக் கட்டுபடியாகிறது.

அடுத்த முறை வீட்டுக்கு வருபவனிடம் “எப்ப சரியாகும்?” என்று கேட்பதற்கு முன், “தம்பி, பையில் என்னென்ன வெச்சிருக்கே?” என்று கேளுங்கள். வெறும் பிளேடு என்றால் புகார் கொடுங்கள். அவன் மேல் அல்ல, அவனை வெறும் கையோடு அனுப்பியவர் மேல். என் பழைய கருவியை அந்தப் பையனிடமே கொடுத்துவிட்டேன். அது தீர்வில்லை என்று எனக்குத் தெரியும். கருவி வாங்கித் தர வேண்டியவன் நான் இல்லை.