குடும்பமும் சட்டமும்: சத்திரக் கணக்கைத் தீர்ப்பவர் யார்?



பர்கூரிலிருந்து ஒரு குடும்பத் தலைவர் எழுதிய கடிதம் நம் முன் இருக்கின்றது. துணிக்கடையில் வேலை முடித்து இரு சக்கர வண்டியில் வீடு திரும்பிய அவருடைய மகனை, நெடுஞ்சாலையில் ஒரு லாரி இடித்துத் தள்ளியது. கால் எலும்பு முறிந்து கிடந்த பிள்ளையைச் சுற்றி வாதம் எழுந்தது. போலுப்பள்ளியிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு என்றார் ஒருவர். ஓசூருக்கு என்றார் மற்றொருவர். பெங்களூருதான் என்று பிடிவாதம் செய்தார் ஓர் உறவினர். உறவினர் சொல்லே வென்றது. மகன் பிழைத்துக்கொண்டான், ஆனால் தனியார் மருத்துவமனைக்குப் பணம் கட்ட நிலம் அடகுக்குப் போயிற்று. இப்பொழுது ஒருவர் வந்து, "இரண்டரை லட்சம் விரைவில் கிடைக்கும், கையெழுத்திடுங்கள்" என்கிறாராம். "விரும்பிய மருத்துவமனைக்குச் சென்றது குற்றமா? கையெழுத்திடலாமா?" என்று தந்தை கேட்கிறார்.

நல்ல சமாரியரின் உவமையை நாம் அனைவரும் அறிவோம். அவர் காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை; சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவுக்கும் பொறுப்பேற்றார். காயமுற்றவனைக் காப்பது ஒரு கடமை. கணக்கைத் தீர்ப்பது மற்றொரு கடமை. நம் நாட்டுச் சட்டம் இவ்விரண்டையும் மெல்ல மெல்லவே கற்றுக்கொண்டது.

1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், வண்டியால் பிறருக்கு நேரும் கேட்டுக்குக் காப்பீடு கட்டாயம் என்றது. ஆயினும் ஓட்டுநரின் தவற்றை மெய்ப்பித்தால்தான் இழப்பீடு கிடைத்தது. 1982இல் வந்த திருத்தம், தவறு யாருடையதாயினும் மரணத்துக்கு 15,000 ரூபாயும் நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாயும் தரவேண்டும் என்று விதித்தது. 1989இல் உச்ச நீதிமன்றம், போலீஸ் நடைமுறைகளுக்காகக் காத்திராமல் உயிரைக் காப்பதே மருத்துவரின் முதற்கடமை என்று தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தமோ, விபத்தில் உதவுவோரை 'நல்ல சமாரியர்' என்ற பெயராலேயே பாதுகாக்கின்றது. உதவியவர் மீது வழக்கு வராது. அவர் தம் பெயரைச் சொல்லவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இனி, மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்கு வருவோம். விபத்தை அடுத்த முதல் ஒரு மணி நேரத்தைப் 'பொன்னான நேரம்' என்று அதே திருத்தம் குறிக்கின்றது. அந்த நேரத்தில் தேர்வு என்ற பேச்சே வேண்டாம். 108ஐ அழையுங்கள்; தக்க வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பர்கூரிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். குருதி ஒழுகும் உடல் அத்தனை தூரம் பொறுக்காது.

தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நேர்ந்தால், அடிபட்டவர் எம்மாநிலத்தவராயினும், பட்டியலிலுள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்க, 2021 டிசம்பரில் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கப்பட்டது. கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்குக் கெடு விதித்தது. அதன்பின் 2025 மே மாதத்தில், விபத்து நாளிலிருந்து ஏழு நாள்வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை என்ற திட்டம் நாடு முழுமைக்கும் அறிவிக்கப்பட்டது. இங்கேதான் கவனம் தேவை. இச்சலுகை முழுமையாகக் கிடைப்பது பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில்தான். மற்றவற்றில் உயிரை நிலைப்படுத்தும் அளவுக்கே உண்டு. ஆகவே அபாயம் நீங்கியபின் வேறிடம் மாற்ற விரும்பினால், "இத்திட்டத்தில் உள்ளீர்களா?" என்று முதலில் கேளுங்கள்.

கடிதம் எழுதிய தந்தைக்கு ஓர் ஆறுதல். விரும்பிய மருத்துவமனைக்குச் சென்றதனால் இழப்பீட்டு உரிமை அழிவதில்லை. தீர்ப்பாயம் வழங்கவேண்டியது 'நியாயமான இழப்பீடு'. கையிலிருந்து செலவிட்ட மருத்துவப் பணம், இழந்த கூலி, பட்ட வேதனை, வருங்காலத்தில் குறையும் உழைப்பு ஆகிய யாவும் அதில் அடங்கும். ஆனால் ரசீதுகளும் மருத்துவச் சான்றுகளும் இருந்தால்தான் செலவு நிலைக்கும்.

கையெழுத்தைப் பற்றி: தவற்றை மெய்ப்பிக்காமலே மரணத்துக்கு ஐந்து லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் என்பது 164ஆம் பிரிவு, 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. விரைவாக வரும் பணம்தான், ஏழைக்குப் பேருதவிதான். ஆயினும் அது வரையறுத்த தொகை. மருத்துவச் செலவு ஏறினாலும் அது ஏறாது. அதனை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் முழு இழப்பீடு கேட்கும் மனு அற்றுப்போகும். எனவே, செலவு எவ்வளவு, கால் பழைய நிலைக்கு வருமா என்பன தெரியுமுன் கையெழுத்திடாதீர்கள்.

அதற்காகக் காலம் தாழ்த்தவும் வேண்டாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும் என்று 2019 திருத்தம் விதித்தது. அவ்விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டபோதிலும், அதை நம்பிச் சும்மா இருத்தல் தகாது. எல்லைப்புறத்தார் அறியவேண்டியது மற்றொன்று: விபத்து அத்திப்பள்ளியில் நேர்ந்தாலும், நீங்கள் வாழும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம்; கர்நாடகத்துக்கு அலைய வேண்டியதில்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியற்றோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

இன்று மாலை வீட்டில் அமர்ந்து ஒரு காரியம் செய்யுங்கள். வண்டியின் காப்பீடு காலாவதியாகவில்லையா என்று பாருங்கள். விபத்து நேர்ந்தால் முதல் தகவல் அறிக்கை, விபத்துப் பதிவேட்டு நகல், டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, ரசீதுகள், சம்பளச் சீட்டு ஆகியவற்றை ஒரே பையில் சேர்த்து வைக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். நம் வண்டியால் அயலான் அடிபட்டால், அவனுடைய சத்திரக் கணக்கைத் தீர்ப்பது நாம் கட்டிய காப்பீடு அன்றோ? அதைக் கட்டாமல் சாலையில் இறங்குபவன், விழுந்து கிடப்பவனைக் கண்டும் விலகிப் போனவர்களுக்கு எவ்வகையில் மேலானவன்?