குழாய் தண்ணியில் சாக்கடை கலந்ததா? முதல் 5 நிமிஷம் சொல்லும் உண்மை!

சென்னை, அபிராமபுரம்:

"தண்ணி கலங்கலா வருது, நாத்தம் அடிக்குது" என்று மக்கள் புகார் சொல்வதும், "சோதனை செய்தோம், தண்ணீர் நன்றாக இருக்கிறது" என்று அதிகாரிகள் பதில் சொல்வதும் சென்னைக்குப் புதிதல்ல. இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் இதில் உள்ள விபரீதம்.

2024 டிசம்பரில் பல்லாவரம் மலைமேடு பகுதியில் வாந்தி, வயிற்றுப்போக்கால் 30-க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். உயிர்ப்பலியும் ஏற்பட்டது. குடிநீரில் கழிவுநீர் கலந்ததாக மக்கள் குற்றம்சாட்ட, அரசு தரப்பு மறுத்தது. கடைசியில் எல்லோரும் காத்திருந்தது சோதனைக்கூட ரிப்போர்ட்டுக்குத்தான்.

கலப்பது எப்படி?

அபிராமபுரம், மந்தைவெளி போன்ற பழைய பகுதிகளில் குடிநீர் குழாயும் சாக்கடை குழாயும் ஒரே தெருவுக்கு அடியில் ஓடுகின்றன. தண்ணீர் விடும் நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்கும். நிறுத்தியதும் அழுத்தம் போய்விடும். அப்போது அடிபம்பு அடித்தாலோ, மோட்டார் போட்டு உறிஞ்சினாலோ, விரிசல் வழியாக வெளியே தேங்கிய கழிவுநீர் உள்ளே இழுக்கப்படும்.

மறுநாள் தண்ணீர் திறந்ததும் முதலில் வருவது அந்த அழுக்குதான். சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். கிருமி சோதனைக்கு சாம்பிள் எடுப்பவர்கள் விதிப்படி குழாயைத் திறந்து ஓடவிட்டு, அதன் பிறகே பாட்டிலில் பிடிக்கிறார்கள். அதற்குள் அழுக்கு போயே போச்சு! ரிப்போர்ட் "சுத்தம்" என்று வரும். முதல் குடத்தைப் பிடித்துக் குடித்தவர் ஆஸ்பத்திரியில் கிடப்பார்.

கெமிஸ்ட் என்ன பார்க்கிறார்?

முதலில் குளோரின். இந்திய தர நிர்ணயப்படி குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். கழிவுநீர் கலந்தால் குளோரின் காணாமல் போகும். சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று தெருவிலேயே நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

அடுத்தது அமோனியா. குடிநீரில் 0.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. புதிதாக சாக்கடை கலந்தால் இது எகிறும். ஆனால் ஈகோலி கிருமி உண்டா என்று தெரிய ஒரு நாளாவது ஆகும். அதுவரை ஜனங்கள் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்து சீக்கிரம் கொண்டு போகாமல் வெயிலில் விட்டால் முடிவே மாறிவிடும். கூடத்தில் எவ்வளவு விலை உயர்ந்த கருவி இருந்தும் பிரயோஜனம் இல்லை.

எண்ணூர் பாடம்

சரியான இடத்தில், சரியான நேரத்தில் எடுத்த சாம்பிள் எவ்வளவு பேசும் என்பதற்கு எண்ணூர் சாட்சி. 2023 டிசம்பர் 26-ந்தேதி நள்ளிரவு உர ஆலையின் கடலடி குழாயில் அமோனியா கசிந்தது. கடல்நீரில் 5 மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் 49 இருந்ததாகவும், காற்றில் 400 மைக்ரோகிராம் அளவுக்குப் பதில் 2,090 இருந்ததாகவும் மாசு கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. அந்த எண்களுக்குப் பிறகு யாரும் "ஒன்றுமில்லை" என்று சொல்ல முடியவில்லை.

ஆலைக் கழிவுநீர் சாம்பிளை, ஆலைக்காரர் கேட்டால் அவர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து சீல் வைக்க 1974-ம் ஆண்டு சட்டம் வழி செய்கிறது. முதலாளிக்கு உள்ள அந்தப் பாதுகாப்பு தெருக்குழாயை நம்பி இருப்பவருக்கும் வேண்டாமா? தண்ணீர் திறந்த உடனே ஒன்று, தெளிந்த பிறகு ஒன்று என இரண்டு சாம்பிள் தெருவாசிகள் முன்னால் எடுத்தால் பாதி சண்டை தீரும்.

நாத்தம் வந்தால் மக்களும் சும்மா "தண்ணி சரியில்லை" என்று சொல்லாமல், எந்தத் தெரு, எத்தனை மணிக்கு, திறந்து எத்தனை நிமிடம் அழுக்காக வந்தது என்று குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் சொல்ல வேண்டும். அந்த நேரத்துக்கு வந்து பிடித்தால்தான் பாட்டிலுக்குள் உண்மை இருக்கும். அதுவரை முதலில் வரும் தண்ணீரைக் குடிக்காமல், தெளிந்து வருவதையும் நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிப்பதே உயிருக்கு நல்லது.