பாரம் எந்தப் பக்கம் என்று பார்த்துத் தூக்குங்கள்

கொழுந்து குறையும் காலம் வந்தால் தேயிலைத் தொழிற்சாலைகளில் ரோலரைக் கழற்றுவதும், பழைய மோட்டரை இறக்குவதும், ஜெனரேட்டரை இடம் மாற்றுவதும் தொடங்கிவிடும். மலையில் வேலை செய்யும் நாலு பேரைக் கூப்பிட்டு, "வந்து ஒரு கை பிடிங்க" என்பார்கள். அந்தக் கைதான் நசுங்குகிறது.

கொழுந்துச் சாக்கில் பாரம் எங்கும் ஒன்றுபோல் இருக்கும். இயந்திரம் அப்படியல்ல. ஜெனரேட்டரின் ஒரு தலைப்பில் என்ஜின், மறுதலைப்பில் மின்சாரம் பிறப்பிக்கும் பகுதி. இரண்டும் ஒரே நிறை இல்லை. 1,200 கிலோ இயந்திரத்தின் பாரமையம் நீளத்தின் கால்வாசியில் இருந்தால், இரு முனையிலும் நேராகக் கட்டித் தூக்கும்போது ஒரு முனைச் சங்கிலி 900 கிலோவைத் தாங்கும், மற்றது 300 கிலோவை. பாதிப் பாதி என்று நினைத்து 600 கிலோ சங்கிலியைப் போட்டால் என்ன ஆகும்? கொழுக்கி நிற்க வேண்டியது நீளத்தின் நடுவுக்கு மேலே அல்ல, பாரத்தின் நடுவுக்கு நேர் மேலே.

அதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. இரண்டு அங்குலம் மட்டும் தூக்கி நிறுத்துங்கள். எழும்பாமல் கிடக்கும் முனையே பாரமான முனை. இறக்கிவிட்டு, கொழுக்கியை அந்தப் பக்கம் நகர்த்தி மறுபடி பாருங்கள். எழும்பிய முனையில் ஆளை ஏற்றிச் சமப்படுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும், தொழிற்சாலை அதிகாரியாகவே இருந்தாலும், முடியாது என்று சொல்லுங்கள்.

சங்கிலி அகல விரிந்தாலும் ஆபத்துத்தான். 1,000 கிலோவை இரண்டு சங்கிலிகள் நேர்குத்தாகப் பிடித்தால் ஒன்றுக்கு 500 கிலோ. கிடைமட்டத்திலிருந்து 30 பாகையில் சரிந்து நின்றால் ஒவ்வொன்றிலும் 1,000 கிலோ இழுவை. மோட்டரின் தலையில் உள்ள வளையமும் மோட்டரை மட்டும் தூக்கத்தான். கியர் பொக்ஸோடு சேர்த்துத் தூக்க அல்ல.

தூக்கும் சங்கிலியும் கயிறும் உறுதியாக இருக்க வேண்டும், தாங்கும் நிறை தெரிவிக்கப்பட வேண்டும், தகுதியானவர் காலத்துக்குக் காலம் பரிசோதிக்க வேண்டும் என்பது 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். ஆனால் விபத்து நடந்தபின் அறிக்கையில் எழுதப்படுவது "தொழிலாளியின் கவனயீனம்" என்பதே. செயின் புளொக்கைப் பல வருடமாக யாரும் பார்க்காதது யாருடைய கவனயீனம்?

தோட்டத் தலைவர்களே, இம்முறை வேலை தொடங்குமுன் பரிசோதனைப் பதிவேட்டைக் கேளுங்கள். பயிற்சி இல்லாத மலைத் தொழிலாளரை இந்த வேலைக்கு அனுப்பக் கூடாது என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.