ஒரே கிரேடுன்னா ஒரே நிறமா?

பண்ருட்டியிலிருந்து வடலூர் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் காடாம்புலியூர் முந்திரிக் கடைகளைத் தெரியாமல் இருக்காது. அங்கே அடிக்கடி காதில் விழும் பெயர் 'டபிள்யூ 320'. நம்மில் பலர் இதை ஏதோ பிராண்டுன்னு நினைச்சிட்டிருக்கோம். ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 300 முதல் 320 முழுப் பருப்பு நிற்கும் என்பதுதான் அதன் அர்த்தம். 240 என்றால் 220 முதல் 240 வரை. எண் குறையக் குறைய பருப்பு பெருசு, விலையும் ஜாஸ்தி. டபிள்யூ என்பது 'ஒயிட்', வெள்ளை.

எண்ணில் குழப்பம் இல்லை. குழப்பமே அந்த வெள்ளையில்தான். ஏற்றுமதித் தர விதிப்படி வெள்ளை, வெளிர் தந்த நிறம், லேசான சாம்பல் மூணுமே 'வெள்ளை'தான். சூடு அதிகமாகி நிறம் மாறின பருப்புக்கு 'ஸ்கார்ச்டு' என்று தனித் தரம் இருக்கு. லேசான பழுப்பு, அடர் தந்த நிறம் எல்லாம் அதில் வரும். வேடிக்கை என்னன்னா, லேசான சாம்பல் அந்தப் பட்டியலிலும் இருக்கு! அப்போ ஒரு சாம்பல் பருப்பு கோட்டுக்கு எந்தப் பக்கம் விழும்? அதை முடிவு பண்றது பிரிக்கிற ஆளோட கண்.

வைரத்திலும் இதே கதைதான். ஜிஐஏ முறையில் நிறத்துக்கு 'டி'யில் தொடங்கி 'இசட்' வரை 23 எழுத்து. கல்லைக் கவிழ்த்து வைத்து, பக்கவாட்டில் பார்த்து, மாதிரிக் கற்களோடு ஒப்பிட்டு எழுத்து போடுகிறார்கள். அந்த எழுத்து சொல்வது எவ்வளவு நிறம் என்பதை மட்டும். என்ன நிறம் என்பதை இல்லை. நைட்ரஜன் கலந்த கல் மஞ்சளாகச் சாயும். பூமிக்குள் அழுத்தத்தில் படிக அமைப்பு வளைந்த கல் பெரும்பாலும் பழுப்பாகச் சாயும். இரண்டுமே 'எச்' கிரேடு வாங்கலாம். பழுப்பு என்ற வார்த்தை சான்றிதழில் வருவது 'கே'யிலிருந்துதான். வியாபாரிகளுக்கோ வித்தியாசம் நல்லாவே தெரியும். 'பிஜிஎம்', அதாவது பிரவுன், கிரீன், மில்க்கி என்று தனிப் பெயரே வச்சிருக்காங்க. அப்படிப்பட்ட கல்லை விலை குறைச்சுத்தான் வாங்குவாங்க. சான்றிதழை மட்டும் படிக்கிற நமக்கு அந்தக் குறைவு வந்து சேருமா என்பதுதான் கேள்வி.

கிரேடே வேண்டாம்னு நான் சொல்ல வரலை. நம்ம பாஷையில் சொன்னா இது டாலரன்ஸ். 20 மில்லிமீட்டர் ஷாஃப்ட் ரெண்டு, ஒண்ணு மேல் எல்லையில், ஒண்ணு கீழ் எல்லையில். ரெண்டும் பாஸ். ஆனா பேரிங்கில் மாட்டும்போது ஒரே மாதிரி உட்காராது. எல்லை இல்லாமல் எந்தத் தொழிலும் ஓடாது. ஆனால் கிரேடு என்பது 'இதுக்குக் கீழே போகாது' என்ற உறுதிமொழி மட்டுமே. பொருளின் முழு விவரம் அதில் இருப்பதாக நினைத்தால் ஏமாறுவது நாம்தான்.

இதில் யாரும் பேசாத ஒரு விஷயம் இருக்கு. கொட்டையை உடைச்சு, காய வச்சு, தோல் உரிச்ச பிறகு, பருப்பைக் கொட்டி வைத்து நிறம் பார்த்துப் பிரிக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். தந்த நிறத்துக்கும் சாம்பலுக்கும் நடுவில் இருக்கும் சாயலைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிடுவாங்க. அதே வேலைக்கு இப்போ கேமரா வைத்த கலர் சார்ட்டர் வந்திருக்கு. மெஷினுக்கும் எது வெள்ளை என்று ஒரு மனுஷன்தான் முதலில் சொல்லித் தரணும். லட்சக்கணக்கில் விலை போகும் மெஷினின் திறமையைத் 'தொழில்நுட்பம்' என்கிறோம். அதே திறமை அந்த அக்காவிடம் இருந்தால் 'கூலி வேலை' என்கிறோம். இது நியாயமே இல்லை.

என் கோரிக்கை ரெண்டே ரெண்டு. பாக்கெட்டில் எண்ணோடு நிறத்தையும் அச்சடிக்கட்டும்: வெள்ளையா, தந்தமா, சாம்பலா. வைரச் சான்றிதழிலும் எல்லா எழுத்துக்கும் சாயலைக் குறிக்கட்டும். அதுவரைக்கும் நாம செய்யக்கூடியது சுலபம். முந்திரியோ கல்லோ, ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, பகல் வெளிச்சத்தில், அதே கிரேடில் இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. அதுக்கப்புறம் விலை பேசுங்க.