திங்கட்கிழமைக்குள் ஒரு பாடம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில் சில வருடங்கள் ஆய்வு மாணவனாக இருந்தேன். நான் குடியிருந்த தெருவில் பெரும்பாலும் மார்மன் குடும்பங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியின் பேரன் பிரேசிலில், ரெசீஃபே நகரத்தில் மிஷனரியாக இருந்தான். வாராவாரம் அவனிடமிருந்து மின்னஞ்சல் வரும். பாட்டி அதை அச்சடித்து ஒரு கோப்பில் சேர்த்துவைப்பார். நான் போனால் கண்ணாடியைத் தேடி எடுத்து உரக்க வாசித்துக் காட்டுவார்.

எல்லாக் கடிதங்களுக்கும் ஒரே அச்சு. முதலில் சம்பவம்: மழை, நாய் துரத்தியது, மூன்று மணிநேரம் நடந்தும் ஒரு கதவும் திறக்கவில்லை. அப்புறம் பாடம்: இதன் மூலம் தேவன் எனக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தார். கடைசியில் எல்லோருக்கும் அன்பு, நிறைய ஆச்சரியக்குறிகள்.

ஒன்பதாவது மாதம் அவன் திரும்பி வந்துவிட்டான். போக வேண்டியது இருபத்துநான்கு மாதம். தெருவில் யாரும் தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. அந்த அமைதி எப்படிப்பட்டது என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

ஒருநாள் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது அவனிடம், "உன் லெட்டரெல்லாம் பாட்டி எனக்கு வாசிச்சுக் காட்டியிருக்காங்க" என்றேன். சிரித்தான். "அதுல பொய் எதுவும் இல்ல. ஆனா சனிக்கிழமை வந்தாலே இந்த வாரம் என்ன கத்துக்கிட்டேன்னு தேட ஆரம்பிச்சிடுவேன். ஒண்ணும் கிடைக்காத வாரம் பயமா இருக்கும்" என்றான்.

அந்தப் பயத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது மார்மன்களின் முறையான பெயர். 1830இல் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. இன்று உலகம் முழுக்க 70,000க்கும் மேற்பட்ட மிஷனரிகள் அதற்காக அலைகிறார்கள். பெரும்பாலானவர்கள் இளைஞர்கள். பையன்களுக்கான குறைந்தபட்ச வயது 2012இல் 19லிருந்து 18 ஆனது. எந்த ஊர் என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது, கடிதம் வரும், கிளம்ப வேண்டியதுதான். சம்பளம் கிடையாது. அமெரிக்கப் பையன் என்றால் 2020 ஜூலை முதல் மாதம் 500 டாலர் அவனோ அவன் குடும்பமோ கட்ட வேண்டும். சட்டையில் கறுப்புப் பெயர்ப்பட்டை, அதில் 'எல்டர்' என்ற பட்டமும் குடும்பப் பெயரும் சபையின் பெயரும் மட்டும். எல்டர் என்றால் மூத்தவர். பதினெட்டு வயதுப் பையன் தன் சொந்தப் பெயரை வீட்டிலேயே விட்டுவிட்டு, மூத்தவராகப் புறப்படுகிறான்.

காலை ஆறரைக்கு எழ வேண்டும், இரவு பத்தரைக்குள் விளக்கணைக்க வேண்டும் என்பது பல காலமாக இருந்த அட்டவணை. இப்போது ஊருக்கேற்பக் கொஞ்சம் நெகிழ்வு உண்டு. கூட்டாளி ஒருவன் எப்போதும் உடனிருப்பான். அவனையும் தேர்ந்தெடுக்க முடியாது. வாரம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து தங்கள் உறவைப் பற்றியே பேச வேண்டும். எத்தனை பேரைச் சந்தித்தோம், எத்தனை பேர் ஞானஸ்நானத்துக்குத் தேதி குறித்தார்கள், எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள் என்ற எண்ணிக்கையும் வாராவாரம் மேலே போகும். ஆயத்த நாள் என்று வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் திங்கட்கிழமை. துணி துவைப்பது, காய்கறி வாங்குவது, வீட்டுக்கு எழுதுவது எல்லாம் அன்றைக்குத்தான்.

இந்த முறையைப் புகழ ஆள் குறைவில்லை. என் நாத்திக நண்பன் ஒருவனே, "டேய், பதினெட்டு வயசுல நாம என்ன பண்ணிட்டிருந்தோம்? இவனுங்களப் பாரு, வாரத்துக்கு ஒரு பாடம்!" என்பான். ஒழுங்கைப் பற்றி அவன் சொல்வதை மறுக்கமாட்டேன். தெரியாத மொழியைக் கற்று, தெரியாதவர் வாசலில் நின்று, நூறுமுறை மறுக்கப்பட்டு நூற்றியோராவது கதவைத் தட்டுவது லேசான காரியமில்லை. அந்தப் பையன்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

என் சண்டை அந்த 'வாரத்துக்கு ஒரு பாடம்' என்பதோடுதான். திங்கட்கிழமைக்குள் கிடைத்தே ஆக வேண்டிய பாடம் பாடமே இல்லை. அது வேலைக் கணக்கு. ஒரு துயரம் தன் அர்த்தத்தைக் காட்டப் பத்து வருடம் எடுத்துக்கொள்ளலாம், காட்டாமலே போகலாம். அதை ஏழு நாளில் கறந்துவிட நினைத்தால், ஏற்கெனவே தெரிந்த நான்கு சொற்கள்தான் வரும்: பொறுமை, நன்றி, விசுவாசம், அன்பு. அவன் புறப்படும்போதே இவையெல்லாம் அவனிடம் இருந்தன. புதிதாக எதைக் கற்றான்?

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அவன் கடிதத்தில் ஒரு பெண் வந்தாள். குழந்தையைப் பறிகொடுத்தவள். இவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். மார்மன்கள் காபி குடிப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியாது. அடுத்த வரியிலேயே, எனக்கு எவ்வளவு வாய்த்திருக்கிறது என்று இந்த வாரம் உணர்ந்தேன் என்று முடிந்துவிட்டது. அவள் பெயர்கூட இல்லை. அவளுடைய சாவு வீடு இவனுடைய நன்றியுணர்வுக்கு உதாரணமாகிவிட்டது. பையன் கெட்டவனில்லை. கடிதத்தின் அச்சு அப்படி. யார் கதவைத் திறந்தாலும் அவர்கள் இவனுடைய பாடத்துக்குள் போய்த்தான் ஆக வேண்டும்.

பாடம் கிடைக்காதவன் என்ன நினைப்பான்? முறையில் கோளாறு என்று நினைக்கமாட்டான், தன் விசுவாசத்தில்தான் கோளாறு என்று நினைப்பான். சபைக்கு இது தெரியாமலில்லை. மிஷன் வாழ்வின் மன அழுத்தத்துக்கென்றே 2013இல் ஒரு கையேடு போட்டார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் வீட்டுக்குப் போன் பேசலாம் என்றிருந்ததை 2019 பிப்ரவரியில் மாற்றி, வாராவாரம் பேசலாம் என்றார்கள். நல்ல மாற்றங்கள். ஆனால் போனில் பேசினாலும், "இந்த வாரம் எதுவும் கத்துக்கல, அழுதேன், அவ்வளவுதான்" என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

விசித்திரம் என்னவென்றால், அவர்களுடைய வேதத்திலேயே இதற்கு எதிர்வாதம் இருக்கிறது. 1838-39 குளிர்காலத்தில் ஜோசப் ஸ்மித்தை மிசௌரியில், லிபர்ட்டி என்ற ஊரின் சிறையில் அடைத்தார்கள். அங்கிருந்து 1839 மார்ச்சில் அவர் எழுதிய கடிதத்தின் பகுதிகள் 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' நூலில் 121 முதல் 123 வரையான பிரிவுகளாக உள்ளன. 121ஆம் பிரிவு பாடத்தோடு ஆரம்பிக்கவில்லை. தேவனே எங்கே போனீர், எதற்கு ஒளிந்திருக்கிறீர் என்று கேட்கும் புலம்பலோடு ஆரம்பிக்கிறது. சிறைக்குப் போய் மூன்று மாதத்துக்கும் மேல் ஆன பிறகு எழுந்த புலம்பல் அது. சபையை நிறுவியவருக்கு அத்தனை மாதம் புலம்ப இடமிருந்தது. பத்தொன்பது வயதுப் பையனுக்குத் திங்கட்கிழமை மாலைவரைதான் அவகாசம்.

அவங்க மதம், அவங்க பாடு, நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். வேலை போன அன்றைக்கே, வேலை போனதில் கற்ற ஐந்து பாடங்கள் என்று நாம் எழுதுவதில்லையா? அப்பாவின் காரியம் முடிவதற்குள், மரணம் எனக்குச் சொல்லித்தந்தது என்று பதிவு போடுவதில்லையா? நமக்கு வெள்ளைச் சட்டையும் பெயர்ப்பட்டையும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவனுக்காவது ஒரு கடவுள் இருக்கிறார். நாம் யாருக்கு வாராந்தர அறிக்கை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்?

ஊரைவிட்டுக் கிளம்பும்முன் பாட்டியிடம் அந்தக் கோப்பை வாங்கிப் பார்த்தேன். எனக்கு வாசித்துக் காட்டாத ஒரு கடிதம் அதில் இருந்தது. எட்டாவது மாதத்துக் கடிதம், மூன்றே வரி. வாரம் முழுக்க மழை, துணி காயவில்லை, உங்கள் வீட்டுச் சமையலறை ஞாபகம் வருகிறது என்று எழுதியிருந்தான். ஏன் இதை வாசிக்கவில்லை என்று கேட்டேன்.

"அதுல ஒண்ணும் இல்லியேப்பா" என்றார்.

அவன் அந்த ஒன்பது மாதத்தில் எழுதிய ஒரே கடிதம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. பாட்டியிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.